பழைய வாத்தியமும் புதிய குரலும்

நாகசுர வித்துவானுடைய வாத்தியத்தை அருகில் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அதன் மேல்முனையிலே, நூலிற் கட்டிய சீவாளிகள் சிலவும், அவற்றைச் சீர் செய்வதற்கான மெல்லிய ஊசி ஒன்றும் தொங்கிக்கொண்டிருக்கும். சீவாளி என்பது நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்கின்ற சிறு நாக்கு. ஊதுகிறவருடைய மூச்சு அந்த நாக்கை அதிரச் செய்கிறது. குழல் அந்த அதிர்வைப் பெருக்கி நாதமாக்குகிறது. ஆச்சா மரத்தில் நன்றாகக் கடைந்தெடுத்த குழல் ஒரு வித்துவானின் ஆயுட்காலம் முழுவதும் உழைக்கும். அவருக்குப் பின் அவர் மகனுக்கும் உழைக்கும். சீவாளியோ சீக்கிரமே தளர்ந்துவிடும். தளர்ந்தால் வித்துவான் குழலைத் தூக்கி எறிவதில்லை. நாக்கை மாற்றிக்கொண்டு மேலே வாசிக்கிறார். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கன்பேட்டை நாகசுரமும் இந்த விதிக்கு உட்பட்டதுதான். உடல் ஒன்று, நாக்குப் பல.

இதே ஏற்பாட்டை மின்னணு வாத்தியத்திலும் செய்யலாமா? சிந்தசைசர் என்று நாம் சொல்லும் கீபோர்டு ஒன்று பழையதாகிவிட்டது; அதன் கட்டைகளும் பெட்டியும் நன்றாகவே இருக்கின்றன; ஆனால் அதிலுள்ள குரல்கள் காலத்துக்குப் போதவில்லை. வாத்தியத்தை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் மாற்றவோ கூட்டவோ முடியுமா? முடியும். எப்படி முடிகிறது, எவ்வளவு தூரம் முடிகிறது, எங்கே முடியாமற் போகிறது என்பவற்றையே இன்று சொல்ல எடுத்துக்கொண்டிருக்கிறேன். சங்கீதத்தில் நான் வித்துவான் அல்லன். பௌதிக ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இசைக்கவையையும் சுரமானிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு ஒலியியல் பாடம் நடத்திய பழக்கம் இந்தப் பொருளுக்குள் என்னை இழுத்துக்கொண்டு வந்தது.

முதலில், குரல் என்பது என்ன? ஒலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று இயல்புகள் உண்டென்று பள்ளியிற் படித்திருப்பீர்கள். வீணையும் புல்லாங்குழலும் ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலித்தாலும் இது வீணை, இது குழல் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோமே, அதற்குக் காரணம் பண்பு. அடிப்படை அதிர்வோடு கூடவே அதன் இரு மடங்கும் மும்மடங்கும் நான்மடங்குமாக மேலதிர்வுகள் எழுகின்றன. எந்த மேலதிர்வு எவ்வளவு வலிவுடன் சேர்கிறது என்பதைப் பொறுத்துப் பண்பு அமைகிறது என்பதை 1863-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்சு விரிவாக நிறுவினார். திருநெல்வேலி நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்துத் தூண்களைத் தட்டும்போது எழும் நாதம் வெண்கல மணியின் நாதமும் அன்று, தந்தியின் நாதமும் அன்று. கல்லுக்குரிய மேலதிர்வுகள் வேறு.

ஆனால் மேலதிர்வுகளின் கலவை மட்டுமே பண்பு அன்று. ஒலி பிறக்கின்ற முதற்கணத்தில் நடப்பது அதைவிட முக்கியம். தந்தியை மீட்டும் விரலின் சொடுக்கு, குழலிற் புகும் காற்றின் சீறல், தோலின் மேல் விழும் அடி ஆகிய இவை ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகின்றன. பதிவு செய்த ஒலியிலிருந்து இந்தத் தொடக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கேட்கச் செய்தால், பழகிய காதுகூட எந்த வாத்தியம் என்று தடுமாறுகிறது. கீபோர்டு செய்பவர்கள் பிழைப்பு நடத்துவதே இந்த உண்மையை வைத்துத்தான்.

1954-இல் வெளிவந்த நாகின் என்னும் இந்திப் படத்தின் மகுடி இசையை உங்கள் பாட்டனார் கேட்டிருப்பார். அது மகுடியில் வாசித்தது அன்று. கிளாவியோலின் என்னும் சிறிய மின்சார வாத்தியத்தில் கல்யாண்ஜி வாசித்தது; படத்துக்கு இசையமைத்தவர் ஹேமந்த் குமார். வால்வுகளால் உண்டாக்கிய அதிர்வைச் சற்றுத் திருத்திப் பாம்பாட்டியின் குழலாக நாட்டையே நம்பச் செய்துவிட்டார்கள். அந்த நாளில் வாத்தியத்துக்குள் பதிவு எதுவும் கிடையாது. மின்னோட்டத்தை வளைத்து நெளித்தே குரல் உண்டாக்க வேண்டியிருந்தது.

1983-இல் யமஹா நிறுவனம் டி.எக்ஸ்-7 என்ற வாத்தியத்தைக் கொண்டுவந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இற் கண்டறிந்த ஒரு கணித முறைதான் அதன் உயிர். ஓர் அதிர்வைக் கொண்டு மற்றோர் அதிர்வின் வேகத்தை அசைத்தால் ஏராளமான மேலதிர்வுகள் பிறக்கும் என்பதே அம்முறை. இந்த வாத்தியத்திற் செருகுவதற்குச் சிறு பெட்டிகள் கிடைத்தன. அவற்றில் இருந்தவை ஒலிகள் அல்ல. எந்த அதிர்வை எவ்வளவு அசைக்க வேண்டும் என்னும் குறிப்புகளே. 1987-இல் ரோலண்டு நிறுவனத்தின் டி-50 வந்தது. ஒலியின் தொடக்கத்தை மட்டும் உண்மை வாத்தியத்திலிருந்து பதிவு செய்து வைத்து, பின்தொடரும் நீண்ட பகுதியை மின்னணு முறையில் அது உண்டாக்கிற்று. நினைவகம் விலை கூடியிருந்த காலத்தில் அது கெட்டிக்காரத்தனமான சிக்கனம். காது எதை வைத்து வாத்தியத்தை அடையாளம் காண்கிறதோ அதை மட்டும் காசு கொடுத்து வாங்கினார்கள்!

நினைவகம் மலியத் தொடங்கியதும் முழு ஒலியையுமே பதிவாக வைக்கலாயினர். ரோலண்டு 1992-இல் வெளியிட்ட ஜே.வி-80 கீபோர்டிலே, பின்னால் வாங்கிச் சேர்க்கத்தக்க ஒலிப்பலகைக்கு ஓர் இடம் விடப்பட்டிருந்தது. 1994-இன் ஜே.வி-1080 பெட்டியில் நான்கு இடங்கள். 1996-இல் வந்த எக்ஸ்.பி-80 கீபோர்டிலும் நான்கு. இவற்றிற் பொருத்துவதற்கென எஸ்.ஆர்-ஜே.வி-80 என்ற வரிசையிற் பலகைகள் வந்தன. ஒன்று பியானோவுக்கு, ஒன்று மேனாட்டு வாத்தியக் குழுவுக்கு, ஒன்று மனிதக் குரலுக்கு என்று எண்ணிட்டு வந்த அந்த வரிசையில் 14-ஆவது பலகை ஆசிய நாட்டு வாத்தியங்களுக்கென்றே அமைந்தது. நம் ஊர்த் திருமணங்களிலும் கோவில் கொடைகளிலும் மெல்லிசைக் குழுவினர் வாசித்த கீபோர்டுகளில் இந்த எக்ஸ்.பி குடும்பத்துக்கு நெடுநாள் செல்வாக்கு இருந்தது. இன்றும் சிலரிடம் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு பலகையில் எவ்வளவு ஒலி அடங்கும்? கணக்கிட்டுப் பார்ப்போம். பலகையின் கொள்ளளவு 8 மெகாபைட்டு. அதாவது 83,88,608 பைட்டு. ஒலியலையின் உயரத்தை ஒரு தடவை அளந்து எழுத 16 பிட்டு, அதாவது இரண்டு பைட்டு வேண்டும். ஆகவே 41,94,304 அளவுகளை எழுதலாம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். அதைத் தவறாமற் பதிவு செய்ய அதன் இரு மடங்குக்கும் சற்றுக் கூடுதலாக அளக்க வேண்டும் என்பது விதி. குறுந்தகட்டுக்கு வகுத்த கணக்குப்படி விநாடிக்கு 44,100 அளவுகள். வகுத்துப் பாருங்கள்: 95 விநாடி! ஒன்றரை நிமிஷத்துக்குச் சற்றே கூடுதல். சுருக்கி அடைக்கும் உபாயங்கள் உண்டென்றாலும், இருப்பு மிகச் சிறியதுதான். இன்றைக்குக் கைப்பேசியில் ஒரு பாட்டுக்கு இதைவிட இடம் ஆகிறது.

இந்த ஒன்றரை நிமிஷத்துக்குள் ஓர் ஆசியக் கண்டத்தையே எப்படி அடைத்தார்கள்? இரண்டு தந்திரங்கள். முதலாவது, வாத்தியத்தின் ஒவ்வொரு சுரத்தையும் பதிவு செய்வதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில சுரங்களைப் பதிவு செய்துகொண்டு, இடையில் உள்ளவற்றை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டி ஈடு செய்கிறார்கள். ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறுமல்லவா, அதே சங்கதி. ஆனால் அளவுக்கு மீறி ஏற்றினால் குழல் குருவியாகிவிடும். இறக்கினால் வீணை கிணற்றுக்குள் இருந்து பேசும். இரண்டாவது தந்திரம் சுழற்சி. தொடக்கத்தை முழுவதும் பதிவு செய்து, பிறகு நிலைபெற்ற பகுதியில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, விரல் கட்டையின் மேல் இருக்கும்வரை அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்கிறார்கள். துண்டின் முனைகள் பிசிறில்லாமல் ஒட்டுமாறு வெட்டுவது பெரிய தொழில். ஒட்டாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று தட்டும்.

இனி, செருகத்தக்க பொருள்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். விளம்பரங்களில் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து மாணவர்களைக் குழப்புகிறார்கள். சமையலை வைத்துச் சொன்னால் விளங்கும். டி.எக்ஸ்-7-இன் பெட்டி, திருநெல்வேலிச் சொதி வைக்கும் பக்குவத்தை எழுதிய தாளைப் போன்றது. சாமானும் சமையற்காரரும் உங்கள் வீட்டில் முன்பே இருக்க வேண்டும். எஸ்.ஆர்-ஜே.வி பலகை, தேங்காயும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயுமாகச் சாமானைக் கொண்டுவந்து இறக்குவது, பக்குவக் குறிப்பும் கூடவே வரும், சமையற்காரர் பழையவரே. மூன்றாவது ஒன்று உண்டு. யமஹாவின் பி.எல்.ஜி பலகைகள், 2001-இல் வந்த மோட்டிப் கீபோர்டில் அவற்றுக்கு மூன்று இடங்கள் இருந்தன. பி.எல்.ஜி-150-டி.எக்ஸ் என்னும் பலகையைச் செருகினால் டி.எக்ஸ்-7 முறையில் ஒலியை ஆக்கும் முழு யந்திரமே அதனுள் வந்து சேரும். சமையற்காரரே பாத்திரத்தோடு வந்துவிடுகிறார்.

இந்த வேறுபாட்டை அறியாமற் பணம் செலவிடுவதில் உள்ள கேட்டைக் காட்ட ஒரு கணக்கு. எக்ஸ்.பி-80 வாத்தியம் ஒரே நேரத்தில் 64 குரல்களை ஒலிக்க வல்லது. ஆனால் நாம் ஒரு நாதம் என்று தேர்ந்தெடுப்பது உள்ளே நான்கு குரல் வரை கூட்டிச் செய்ததாக இருக்கலாம். நான்கு குரல் கொண்ட நாதமானால் 64-ஐ நான்கால் வகுக்க, 16 சுரங்கள்தாம் ஒருங்கே ஒலிக்கும். அதன்மேல் இன்னொரு நான்கு குரல் நாதத்தை அடுக்கினால் எட்டுச் சுரம். மனிதனுக்கு விரல் பத்து! மிதியை அழுத்திக்கொண்டு வாசித்தாலோ, முன் வாசித்த சுரங்களும் நின்று ஒலித்து இடத்தை அடைத்துக்கொள்ளும். புதுச் சுரத்துக்கு இடம் விடப் பழையதொன்று சட்டென்று அறுந்துபோகும். பலகை எத்தனை சேர்த்தாலும் இந்த 64 என்ற எண் மாறாது. சாமான் கூடிற்றே தவிர அடுப்புக் கூடவில்லை. "புதுப் பலகை போட்டேன், பாட்டின் நடுவில் சுரம் விட்டுப்போகிறது" என்று குறைப்படுகிறவர்களுக்கு விடை இதுவே.

அம்பாசமுத்திரம் பக்கத்து மெல்லிசைக் குழுவொன்றிலே கீபோர்டு வாசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், இத்தகைய எக்ஸ்.பி-80 ஒன்றைப் பலகை எதுவும் இல்லாத நிலையில் மற்றொருவர் பழகியதாக வாங்கி வைத்திருக்கிறார். சித்திரை முதல் ஆவணி வரை கொடைகள், நடுவே முகூர்த்தங்கள். அவர் குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்தப் பெட்டி. அதை விற்றுவிட்டுப் புதிது வாங்குமாறு குழுவிலே வற்புறுத்தினார்கள். அவர் ஆழ்வார்குறிச்சிக்கு வந்து, "சார், கட்டை எல்லாம் என் கைக்குப் பழகிப் போச்சு. பத்து வருஷமா ஒவ்வொரு பாட்டுக்கும் நாதம் அமைச்சு வச்சிருக்கேன். வித்தா அதெல்லாம் போயிரும்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கடன் வாங்கிப் புதிய வாத்தியம் வாங்குவது ஒரு வழி. பழகிய பலகைகள் இரண்டை விலைக்குத் தேடிப் பொருத்துவது மற்றொரு வழி. பின்னதற்கு ஆகும் செலவு முன்னதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அந்தப் பலகைகளைச் செய்வது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. பிறர் கழற்றி விற்பவைதாம் கிடைக்கும். 2000-இற்குப் பின் வந்த எஸ்.ஆர்.எக்ஸ் என்னும் அடுத்த வரிசைப் பலகை, பெயரில் ஒத்திருந்தாலும் எக்ஸ்.பி-80-இற் பொருந்தாது. பெயரைப் பாதி படித்துவிட்டுப் பணம் அனுப்பக் கூடாது என்று அவரிடம் முதலிற் சொன்னது இதைத்தான்.

பொருத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பலகை வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. வாசிப்பவர் சொந்தமாக அமைத்த நாதங்களை வாத்தியத்தின் நினைவில் காப்பது, உள்ளே உள்ள காசு வடிவமான ஒரு லித்தியம் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோதும் அந்த நினைவு அழியாமல் இருப்பதற்கு அதுவே காரணம். பல ஆண்டுகளில் அது சோர்ந்துவிடும். சோர்ந்த பேட்டரியை எடுத்த மறுகணமே பத்து வருஷத்து உழைப்பும் மறைந்துபோகும். ஆகையால் முதலில் எல்லாவற்றையும் வாத்தியத்தின் வட்டில் ஒரு பிரதியும், கணினியில் ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிரதி திரும்ப ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் திருப்புளியைத் தொடலாம்.

வாத்தியத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. சுவரிலிருந்து மின்கம்பியையே பிடுங்கிவிட வேண்டும். கம்பளமும் பட்டுத் துணியும் இல்லாத இடத்தில், மரமேசையின் மேல் வேலை செய்வது நலம். நம் உடம்பில் உராய்வினாற் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே பல ஆயிரம் வோல்ட்டு வரை ஏறக்கூடும். நமக்கு அது ஒரு சுள்ளென்ற உணர்ச்சி. நினைவகச் சில்லுக்கு அது இடி. ஆகவே தரையோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டு அதைப் போக்கிக்கொண்டு, பலகையை விளிம்பில் மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் பலகைக்குரிய இடமும், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் முளைகளும் தெரியும். இணைப்பியை நேராகப் பார்த்துச் சீராக அழுத்திப் பொருத்தி, முளைகளைப் பூட்டும் திசையில் திருப்பினால் வேலை முடிந்தது. கழன்ற திருகாணி உள்ளே விழுந்துவிட்டால் எடுக்காமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. வாத்தியத்தைக் கவிழ்த்து வேலை செய்ய நேர்ந்தால் கட்டைகளும் திருகுகளும் நசுங்காதபடி இரு பக்கமும் தலையணை கொடுப்பது அவசியம்.

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தோம். குற்றாலத்திற் சாரல் கட்டிய ஆனி மாதம். கடனா நதிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. ஈரம் மிகுந்த காற்றில் நிலைமின்சாரம் தங்காது என்பதால் ஒருவகையில் அது நல்ல நாள். உலோகத்தில் ஈரம் படிந்து பச்சை பூக்கும் என்பதால் மற்றொருவகையில் கெட்ட நாள். மூடியை அடைத்து மின்சாரம் கொடுத்ததும் திரையிற் பலகையின் பெயர் தோன்றிற்று. அவர் முதலில் தொட்ட நாதம் குழல். இரண்டு நிமிஷம் வாசித்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நிக்குது" என்றார்.

நிற்கிறது! அந்த ஒரு சொல்லில் ஒரு பெரிய விவகாரம் அடங்கியிருக்கிறது. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். தில்லி நிலையத்தில் மேனாட்டு இசைப் பகுதிக்குத் தலைவராக இருந்த ஜான் போல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1938-இலேயே அதைக் கண்டித்து எழுதினார். பன்னிரண்டு சுரங்களையும் அசையாத இடங்களில் ஆணியடித்து வைத்த வாத்தியம், சுரத்துக்குச் சுரம் இழைந்து செல்லும் நம் இசையைக் கெடுக்கும் என்பது வாதம். தடை சரியா என்பது வேறு. (நல்ல பல வித்துவான்களின் வயிற்றில் அது அடித்தது என்பது என் எண்ணம்.) ஆனால் வாதத்தின் பௌதிகம் உண்மை. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அது ஓர் ஊசலாட்டம். கீபோர்டின் கட்டையோ ஆர்மோனியக் கட்டையின் சொந்தப் பிள்ளை. அதற்குள் எந்த நாட்டுக் குழலைப் பதிவு செய்து வைத்தாலும், சுழலுகின்ற துண்டு ஒரே சுருதியில் சுழலும். கமகத்தோடு சேர்த்தே பதிவு செய்தால் என்ன எனலாம். அப்போது ராகம் எதுவானாலும், காலம் எதுவானாலும், அதே அசைவு அதே வேகத்தில் வரும். கேட்பவருக்கு இரண்டாம் தடவையே சலித்துவிடும்.

இதற்குப் பரிகாரம் பலகையில் இல்லை. இடது கையில் இருக்கிறது. கட்டைகளுக்கு இடப்புறம் உள்ள வளைப்பானை அசைத்தால் சுருதி தொடர்ச்சியாக ஏறி இறங்கும். மிடி எனப்படும் பொதுமொழியில் அந்த அசைவை 16,384 படிகளாகப் பிரித்துச் சொல்ல இயலும். வெவ்வேறு நிறுவனத்து வாத்தியங்கள் தம்முள் பேசிக்கொள்வதற்காக ரோலண்டின் காக்கெஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கிய மொழி அது. 1983-இல் நடைமுறைக்கு வந்தது. வலக்கை சுரத்தைத் தொட, இடக்கை அதை இழைக்கும் இந்தப் பயிற்சியில் தேர்ந்தவர்கள் கர்நாடக இசைக் கச்சேரியே செய்கிறார்கள். கீபோர்டு வித்துவான் கே. சத்தியநாராயணன் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மாணவருக்கும் இதையே சொன்னேன். வளைப்பானின் எல்லை சாதாரணமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு என்று வைத்திருக்கும். அவர் அதை ராகத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து இப்போது பழகி வருகிறார். ஒரு மாதத்தில் வரக்கூடிய வித்தை அன்று.

நான்கு இடங்களில் இரண்டு நிரம்பின, இரண்டு காலி. மூன்றாவதற்கு என்ன வாங்கலாம் என்று அவர் பட்டியலைப் புரட்டியபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. பத்தொன்பது பலகை கொண்ட வரிசையிலே ஆசியா முழுமைக்கும் ஒன்று. அந்த ஒன்றில் இந்தியாவுக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கிலும் கணியான் கூத்தின் மகுடத்துக்கோ வில்லுப்பாட்டின் குடத்துக்கோ இடம் இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. எங்கேயோ இருக்கும் நிறுவனம் உலகச் சந்தையை நோக்கிச் செய்தது. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கொடையில் வாசிப்பவருக்குத் தேவைப்படுவது உடுக்கை. எக்ஸ்.பி-80-இன் பலகையில் நாமே நம் ஒலியை எழுத வழியில்லை. அது தொழிற்சாலையிலேயே எழுதி முத்திரையிட்டது.

அங்கேதான் மிடி மீண்டும் கைகொடுக்கிறது. ஒலி இருக்கும் இடம் வாத்தியத்துக்கு உள்ளேதான் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. சாதாரண மடிக்கணினி ஒன்றில் பதிவொலி வாசிக்கும் நிரல் ஒன்றை நிறுவி, பழைய கீபோர்டோடு மிடி கம்பியால் இணைத்தால், கட்டையை அழுத்துவது இங்கே, ஒலிப்பது அங்கே. ஒரே கம்பியில் 16 வாய்க்கால்கள் உண்டு. தாமிரபரணி மதகுகளிலிருந்து தனித்தனி வயலுக்கு நீர் பாய்வது போல, எந்த வாய்க்காலில் அனுப்புகிறோமோ அதற்குரிய நாதம் மட்டுமே செவி சாய்க்கும். இந்த ஏற்பாட்டில் 8 மெகாபைட்டு என்ற எல்லை இல்லை. 64 குரல் என்ற எல்லையும் அங்கே பொருந்தாது. பழைய பெட்டி கட்டைப் பலகையாக நின்று, தன் சொந்தக் குரலோடு அயற்குரலையும் ஆட்டி வைக்கும்.

உடுக்கையைப் பதிவு செய்ய, சிவசைலம் சாலையில் வசிக்கும் வயதான கலைஞர் ஒருவரிடம் சென்றார்கள். நானும் உடன் போனேன். உடுக்கை எளிய வாத்தியம் போலத் தோன்றும். ஒலியியலில் அது பொல்லாதது. இடுப்பிலுள்ள கயிற்றை இறுக்கவும் நெகிழவும் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். ஆகவே ஓரடியைப் பதிவு செய்து ஏற்றி இறக்கினால் அது உடுக்கையாக இராது. இறுக்கத்தின் பல நிலைகளில், மெல்லடி, நடுத்தர அடி, வல்லடி என மூவகையிலும் பதிவு செய்ய வேண்டும். கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதை மிடி 127 படிகளில் அறிவிக்கும்; அதற்கேற்ப நிரல் உரிய பதிவை எடுத்து ஒலிக்கும்.

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பொட்டிக்குள்ள அடச்சிட்டா, பொறவு என்னைய எவன் கூப்புடுவான்?" என்று கேட்டார். எங்கள் இருவரிடத்திலும் உடனே விடை இல்லை. தபலாவும் வயலினும் கையில் வைத்திருந்த எத்தனையோ பேர் கீபோர்டு வந்தபின் மேடையிலிருந்து இறங்கினார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. என் மாணவர் கடைசியில், "கொடைக்கு நீங்கதான் அண்ணாச்சி. பொட்டி வெளியூர்க் கல்யாணத்துக்கு மட்டுந்தான்" என்றார். பெரியவர் சற்று யோசித்துவிட்டு ஒரு வரம்பு கட்டினார். "அடியைத் தாரேன். நடையைத் தர மாட்டேன்."

பதிவொலித் தொழிலை அறிந்த எவரும் இதைவிடத் துல்லியமாகப் பிரித்திருக்க முடியாது. தனி அடிகளைப் பதிவு செய்தால், வாசிப்பவருக்குத் தாளமும் சொற்கட்டும் தெரிந்திருந்தால்தான் அவற்றைக் கோத்துக் கொட்டாக்க முடியும். நடையையே ஒரு துண்டாகப் பதிவு செய்தால், ஒன்றும் அறியாதவனும் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு காப்பி குடிக்கலாம். கூலியைப் பெற்றுக்கொண்டு, ஒரு மாலை முழுதும் அவர் தனித்தனி அடிகளாகக் கொட்டினார். தென்காசிச் சாலைப் பேருந்தின் இரைச்சல் புகுந்தபோதெல்லாம் நிறுத்தி மறுபடியும் கொட்ட வேண்டியிருந்தது.

அந்த அடிகளைக் கோத்து வாசிக்க என் மாணவர் இப்போது அவரிடமே பாடம் கேட்கிறார். மடிக்கணினியிலே ஒரு சிறு சிக்கல் மட்டும் இருந்தது. மிடியில் பத்தாம் வாய்க்கால் தாளக் கருவிகளுக்கென்று 1991 முதல் பொதுவழக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது, எக்ஸ்.பி-80-இன் மேனாட்டுத் தாளங்களும் அங்கேதான் குடியிருக்கின்றன. இரண்டும் ஒருங்கே முழங்கினால் காது பொறுக்காது. ஆகையால் உடுக்கைக்குப் பதினொன்றாம் வாய்க்காலைக் கொடுத்திருக்கிறார்.